வாய்க்காலின் இரு கரையிலும் சராசரி உயர்ந்தது

தஞ்சாவூர்
14.11.1973

அன்புள்ள அம்சம் அவர்களுக்கு,

இரண்டு கூட்டங்களுக்கும் ஒரு வெளிநடப்புக்கும் பிறகு எங்கள் கல்வியியல் துறை முடிவெடுத்துவிட்டது. இனி எம்.எட். ஆய்வேடுகளில் சராசரியைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை தர வேண்டும். ஒரு இலக்கம் போதும் என்று நின்ற தரப்பு கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. முழு எண்ணாகவே தந்தால் என்ன என்று கேட்ட நம் வகுப்பு மருதையனை யாரும் பொருட்படுத்தவில்லை. பேராசிரியர் ஜெக்கரியா எழுந்து, "ரெண்டு இலக்கம்னா அதுல ஒரு கண்ணியம் இருக்கு" என்றதும் அறை அடங்கியது. தீர்மானத்தைக் கரும்பலகையில் எழுதி, அழிக்கக் கூடாது என்று பக்கத்தில் குறித்திருக்கிறார்கள். அதனால் ஒரு வாரமாகப் பலகையில் வேறு எதையும் எழுத முடியவில்லை.

நீங்கள் படிப்பைப் பாதியில் விட்டுப் போனபிறகு புள்ளியியல் வகுப்பு அமைதியாக நடக்கிறது. தவறு என்று சொல்ல ஆளில்லை. மருதையன் எந்த வகுப்பின் மதிப்பெண்ணை எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் சராசரிக்குக் கீழே இருப்பதைக் கண்டுபிடித்து மனம் வருந்தி, எல்லோரையும் சராசரிக்கு மேலே கொண்டுவரும்படி அரசுக்குப் பரிந்துரை எழுதியிருக்கிறான். பேராசிரியர் அவன் சமூக அக்கறையைப் பாராட்டினார்.

நம் வகுப்பு மூஸாவை எங்கள் ஊருக்கு அழைத்துப்போயிருந்தேன். பிள்ளைகள் வசிக்கும் இடத்துக்குக் குறியீடு வேண்டும் என்று மேலத்தெருவுக்கு ஒன்று, கீழத்தெருவுக்கு இரண்டு என்று போட்டான். பிறகு, எண் கிடைத்தால் கூட்டி வகுக்காமல் இருக்க முடியாதவன் ஆதலால், கூட்டி வகுத்தான். சராசரி மாணவன் 1.46 என்ற இடத்தில் வசிப்பதாக வந்தது. எங்கள் ஊரில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே இருப்பது பாசன வாய்க்கால். ஆக, சராசரி மாணவன் தண்ணீருக்குள், மேலக்கரையைக் கொஞ்சம் ஒட்டினாற்போல் நின்றுகொண்டிருக்கிறான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள் என்று தோன்றியது. அது தோன்றியபிறகு என்னாலும் சிரிக்க முடியவில்லை.

என் தலைப்பு முடிவாகிவிட்டது. எங்கள் ஊரின் இரண்டு பள்ளிகளை ஒப்பிடப் போகிறேன். மேலத்தெருவில் எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கீழத்தெருவில் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள ஆரம்பப் பள்ளி. சந்தேகம் வந்தால் உங்களைக் கேட்கலாமா?

ஜன்னலோரம் இருந்த உங்கள் நாற்காலியில் இப்போது சைக்கிள் பம்பு இருக்கிறது. பாபநாசத்தில் அன்று நீங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கிப் போனதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். தசமப் புள்ளியைப் பற்றி எழுதி முடித்திருக்கிறேன்.

அன்புடன்,
துரைக்கண்ணு


தரங்கம்பாடி
2.12.1973

துரைக்கண்ணு அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

அன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் உங்கள் அப்பா என்னிடம், "பாப்பா எந்த ஊரும்மா, யாரு வீடு?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், கும்பகோணத்து டாக்டர் வீட்டுப் பெண் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர்தான். அரிவாள் பட்ட காலுக்கு என் அப்பாவுக்குக் கட்டுப் போட்டவர். அவர் வீட்டுக்குப் பெண்ணாகப் போக எனக்கு விருப்பமில்லை. "ஒரத்தநாட்டுப் பக்கங்க. உங்க ஊர் கீழத்தெரு பொன்னுத்தாயோட தங்கச்சி" என்றேன். உங்கள் அம்மா எனக்குக் கொண்டுவந்த காபியோடு அப்படியே திரும்பி உள்ளே போனார்கள்.

அது புதிதல்ல. பஸ்ஸில் நீங்கள், "இன்னைக்கே அதைச் சொல்லியிருக்க வேணாம்" என்றீர்களே, அதுதான் புதிது. என்றைக்குச் சொல்லலாம் என்று கேட்டேன். நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குள் பாபநாசம் வந்துவிட்டது. இறங்கினேன்.

படிப்பை விட்டதற்கு நீங்கள் காரணமில்லை. ஆசிரியை வேலைக்கு உத்தரவு வந்தது, வந்துவிட்டேன். ஜன்னத் பீவி என்ற அம்மாவின் வீட்டில் பின்னறை. அவருக்குக் காது கேட்காது. எனக்குப் பேச ஒன்றுமில்லை. நன்றாகத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். கடல் எந்நேரமும் இரைந்துகொண்டிருப்பதால், நாம் யாரோடும் பேசவில்லை என்பது நமக்கே அவ்வளவாகத் தெரிவதில்லை.

ஒப்பிடுங்கள், தாராளமாக. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். என் அக்கா மகள் செவ்வந்தி உங்கள் மேலத்தெருப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். மூன்றாம் வகுப்பில் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்தேன். கீழத்தெருப் பள்ளி ஐந்தோடு முடிந்துவிடும். ஜூன் மாதம் அவள் ஆறாம் வகுப்பில் உட்கார வேண்டும். அந்த ஊரிலிருந்து எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மூஸாவின் மாணவனைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஜன்னத் பீவி என்ன என்று கேட்டார். சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

அம்சம்


எங்கள் ஊர்
27.1.1974

அன்புள்ள அம்சம்,

பொங்கலுக்கு வந்தவன் இன்னும் தஞ்சாவூர் திரும்பவில்லை. சம்பா முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது, அறுக்க ஆளில்லை. கூலி கூட்டினால்தான் அரிவாள் எடுப்போம் என்று கீழத்தெரு நிற்கிறது. உங்கள் அத்தான் கோவிந்தராசுதான் முன்னால் நிற்கிறார். வாய்க்கால் மதகில் செங்கொடி. மேற்கேயிருந்து லாரியில் ஆள் இறக்குவதாக அப்பா சொல்கிறார். ரைஸ்மில்லில் போலீஸ் தங்கியிருக்கிறது. தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. தாசில்தார் மட்டும் பேசினார்.

அப்பாவுக்கும் இப்போது சராசரி பிடித்துப்போயிற்று. நில உச்சவரம்புக்காக எங்கள் நிலத்தைக் குடும்பத்தில் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்படிப் பார்க்கையில் நாங்கள் ஏழைகள். கணக்கில் வந்த தலைகளில் ஒன்று இன்னும் பிறக்கவில்லை. இன்னொன்று இறந்து ஆறு வருடமாகிறது.

நீங்கள் கோபப்படக்கூடிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலத்தெருப் பள்ளி ஐந்தாம் வகுப்பில் படித்த கீழத்தெருப் பிள்ளைகள் ஆறு பேரையும் அவர்கள் தெருப் பள்ளிக்கே மாற்றிவிட்டார்கள். செவ்வந்தியும் ஒருத்தி. ஊர் நிலவரம் சரியில்லை, பிள்ளைகள் பாதுகாப்புக்காக என்று பஞ்சாயத்துத் தலைவர் சொன்னார். பஞ்சாயத்துத் தலைவர் என் அப்பா என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் இதைக் கேளுங்கள். அரையாண்டு மதிப்பெண்கள் என்னிடம் இருந்தன. மாற்றத்துக்கு முன் மேலத்தெரு ஐந்தாம் வகுப்பின் முப்பத்தாறு பிள்ளைகளுக்குச் சராசரி 51.25, கீழத்தெருவின் இருபத்துநான்கு பிள்ளைகளுக்கு 24.25. பிள்ளைகள் மாறியபின் அதே மதிப்பெண்களைப் புதிய வருகைப் பதிவேட்டின்படி மறுபடி கூட்டினேன். மேலத்தெரு 54.80. கீழத்தெரு 26.10. இரண்டும் உயர்ந்திருக்கின்றன. தப்பு இருக்குமோ என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், இல்லை. ஒரே காரியத்தில் மேலத்தெருவும் கீழத்தெருவும் சேர்ந்து பயனடைந்தது எங்கள் ஊர் வரலாற்றில் இதற்கு முன் நடந்ததில்லை.

ஒரு நாள் மட்டும் தஞ்சாவூருக்குச் சைக்கிளில் போய்ப் பேராசிரியரைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். தலைப்பையே மாற்றிவிட்டோம்: 'பிரித்தமர்த்துவதால் இரு சாராரின் கல்வித் தரத்திலும் ஏற்படும் உயர்வு'. முடிவு 0.01 மட்டத்தில் தேறுகிறது. அப்படியென்றால் தொண்ணூற்றொன்பது சதவீதம் உண்மை என்று விளக்கினார். மீதி ஒரு சதவீதத்துக்கு முன்னுரையில் கடவுளுக்கு ஒரு நன்றி போட்டால் போதுமாம்.

பகலில் களத்துமேட்டில் காவலுக்கு உட்காருகிறேன். அறுப்பே இல்லாததால் காவல் காக்க நெல்லும் இல்லை. கீழத்தெருவில் என்னோடு யாரும் பேசுவதில்லை. வீட்டில் புத்தகமும் கையுமாக இருப்பதால் அப்பா பேசுவதில்லை. இந்த எண்களை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உங்களிடம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

துரைக்கண்ணு


தரங்கம்பாடி
10.2.1974

துரைக்கண்ணு அவர்களுக்கு,

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலத்தெருவில் நான்கு பிள்ளைகள்: எழுபது, அறுபது, ஐம்பது, நாற்பது. சராசரி ஐம்பத்தைந்து. கீழத்தெருவில் மூன்று பேர்: முப்பது, இருபது, பத்து. சராசரி இருபது. இப்போது நாற்பது வாங்கிய பிள்ளையைக் கையைப் பிடித்து வாய்க்காலைத் தாண்டி விடுங்கள். மேலத்தெருவில் மிஞ்சியவர்களின் சராசரி அறுபது. கீழத்தெருவுக்கு இருபத்தைந்து. இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து கூடிவிட்டது. யாரும் ஒரு எழுத்துக் கூடுதலாகப் படிக்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

மேலே இருப்பவர்களில் கீழானவளை எடுத்துக் கீழே இருப்பவர்களில் மேலானவளாக வைத்தால் இரண்டு எண்ணும் ஏறத்தான் செய்யும். இதற்கு எம்.எட். வேண்டாம். உங்கள் ஆய்வேட்டிலிருந்து எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: அறுபது பிள்ளைகளில் எந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் கூடியது? ஒரு பெயர் சொல்லுங்கள்.

அத்தானைப் போலீஸ் கொண்டுபோனதாகத் தந்தி வந்து, போன வாரம் நான் உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். கும்பகோணம் கோர்ட்டுக்கு அலைந்துவிட்டு வந்து அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது செவ்வந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அரையாண்டில் அவள் முப்பத்தெட்டு. "சின்னம்மா, அங்க இருக்கறப்ப என்னை மக்குன்னாங்க. இங்க வந்ததும் கெட்டிக்காரிங்கறாங்க. நான் ஒண்ணுமே பண்ணலையே" என்றாள். உங்கள் பேராசிரியரும் நீங்களும் மூஸாவும் கூடி உட்கார்ந்து கண்டுபிடிக்காததை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். அவள் கண்டுபிடிக்கவில்லை. குழம்பிப்போயிருக்கிறாள். அடுத்து ஆறாம் வகுப்பு எங்கே என்று கேட்டாள். மேலத்தெருவில்தான் என்று நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உங்களைப் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் களத்துமேட்டில் குடை விரித்து எதையோ படித்துக்கொண்டிருந்தீர்கள். சத்தம் போட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிடவில்லை.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இந்த எண்களுக்கு அர்த்தமில்லை, அந்த ஆறு பேரையும் ஜூனில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். உங்கள் எழுத்துக்கு அங்கே மதிப்புண்டு. என் எழுத்துக்கு இல்லை.

அம்சம்


தஞ்சாவூர்
3.3.1974

அன்புள்ள அம்சம்,

நீங்கள் சொல்வது சரி.

இதை ஒரு வரியில் எழுத மூன்று வாரமாகியிருக்கிறது. அதற்குள் கூலி கொஞ்சம் கூட்டி, அறுப்பு முடிந்து, உங்கள் அத்தானும் ஜாமீனில் வந்துவிட்டார். நான் மட்டும் இன்னும் கூட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பள்ளியையும் சேர்த்து அறுபது பிள்ளைகளுக்கும் ஒரே சராசரி எடுத்துப் பார்த்தேன். மாற்றத்துக்கு முன் 40.45. மாற்றத்துக்குப் பின் 40.45. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை அதேதான். துறையின் தீர்மானம் முதன்முதலாக ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது.

பேராசிரியரிடம் எடுத்துப்போனேன். உங்கள் ஏழு பிள்ளைகளையும் தாளில் எழுதிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "தம்பி, இது கணக்கு. நாம செய்யறது புள்ளியியல்" என்றார். மொத்தச் சராசரி மாறாமல் இருக்கிறதே என்றேன். அது ஊரின் சமூக நல்லிணக்கத்தைக் காட்டுகிறது, தனி அத்தியாயமாகவே எழுதலாம் என்றார். மூஸா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏழு பேர் சிறிய மாதிரி, அறுபது பேருக்கு விதி வேறு என்றான். மருதையன் மட்டும் வராந்தாவுக்கு வந்து, தாளில் இடம் மாறிய நாற்பதைக் காட்டி, "அந்தப் புள்ளை பாஸாயிட்டாளா?" என்று கேட்டான். யாரும் அவனைப் பொருட்படுத்தாததற்குக் காரணம் இருக்கிறது என்று இதுவரை நினைத்திருந்தேன்.

யூனியன் ஆபீசுக்கு எழுதுவதில் ஒரு சிக்கல். என் ஆய்வுச் சுருக்கத்தை அப்பா ஏற்கெனவே அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. என் படிப்பைப் பற்றி அவர் இதுவரை கேட்ட ஒரே கேள்வி, "இதுல உன் பேரு எங்கடா இருக்கு?" என்பதுதான். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். தோளில் கை வைத்தார். எனக்கு நினைவு தெரிந்து அது முதல் தடவை. அந்தக் கை இருக்கும்போது இதெல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை.

யோசித்து ஒரு வழி கண்டிருக்கிறேன். எண்பத்து மூன்றாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறேன். 'பிள்ளைகள் இடம் மாறியதாலேயே இரு சராசரியும் உயர்ந்திருக்கக்கூடும். தனித்தனி மதிப்பெண்களில் மாற்றமில்லை என்பதும் கருதத்தக்கது.' டைப் அடிப்பவர் எழுத்தைச் சிறியதாக்க முடியாது என்றதால் அடர்த்தியாக அடித்திருக்கிறார். நகல் இணைத்திருக்கிறேன்.

துரைக்கண்ணு


தரங்கம்பாடி
20.3.1974

துரைக்கண்ணு அவர்களுக்கு,

அடிக்குறிப்பு வந்தது. உண்மையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். உண்மைக்கு அந்த இடம் போதும் என்று நீங்கள் நினைத்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை.

செவ்வந்தியை இங்கேயே கூட்டிவந்து என்னோடு வைத்துப் படிக்க வைக்கலாமா என்று அக்காவுக்கு எழுதினேன். வழக்கு முடியாமல் வீட்டில் ஆம்பளை நிலையில்லை, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் வேண்டும், எதிர்க்கரையில் பள்ளி என்றால் பார்த்துக்கொண்டே படிப்பாள், தரங்கம்பாடி என்றால் அனுப்ப மாட்டேன் என்று பதில். எழுதிக் கொடுத்ததும் செவ்வந்திதான். தன்னை அனுப்ப முடியாது என்று தன் கையாலேயே தப்பில்லாமல் எழுதியிருக்கிறாள். ஆகவே எதிர்க்கரைதான். வேறு வழியில்லை.

ஏப்ரலில் உங்களுக்கு வைவா. வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அவர் முன்னால் வாயால் சொல்லுங்கள். பேனா வேண்டாம். 'என் முடிவு தவறு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.' அவ்வளவுதான். தேர்வாளர் சொன்னார் என்றால் யூனியன் ஆபீஸ் கேட்கும். உங்கள் அப்பாவும் வெளியூர்க்காரர் சொன்னால் கேட்பார்.

சொல்லிவிட்டால் எனக்கு எழுதுங்கள். மே மாதம் பள்ளி விடுமுறை, நான் அக்கா வீட்டுக்கு வருவேன். பாபநாசம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு காபி கிளப் இருக்கிறது. அன்று உங்கள் வீட்டில் உள்ளே போன காபியை அங்கே உட்கார்ந்து குடிக்கலாம். நானும் யாரோடும் பேசி நாளாகிறது.

அம்சம்


தஞ்சாவூர்
29.4.1974

அன்புள்ள அம்சம்,

வைவா முடிந்தது.

தேர்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர். முதலில், சராசரியை ஏன் இரண்டு இலக்கம் வரை தந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பேராசிரியர் என்னைப் பெருமையோடு பார்த்தார். துறையின் தீர்மானத்தைச் சொன்னேன். அடுத்து, இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விட வேண்டிய இடத்தில் ஒன்றேகால் அங்குலம் விட்டிருப்பதைச் சுட்டிக் காட்டினார். ஒப்புக்கொண்டேன். மூன்றாவதாக, இரண்டு பள்ளிக்கும் நடுவே உள்ள வாய்க்கால் எவ்வளவு அகலம் என்று கேட்டார். அது ஆய்வில் இல்லாத தகவல். சொன்னேன்: ஒரு ஆள் குரல் கொடுத்தால் கேட்கும்.

எண்பத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். ஒரு கணம் நின்றார். நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்கியத்தை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'என் முடிவு' என்பது வரை நாக்கில் வந்துவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; ரயிலுக்கு நேரமாகியிருந்தது. பேராசிரியர், "முடிச்சுக்கலாமா?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் "நன்றி ஐயா" என்றேன்.

முதல் வகுப்பு. மூஸா மாலை வாங்கி வந்திருந்தான்.

அன்று மாலையே பஸ் பிடித்து ஊருக்குப் போய் மேலத்தெருத் தலைமையாசிரியரைப் பார்த்தேன். செவ்வந்தி ஒருத்தியையாவது ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். "தம்பி, உங்க ஆய்வைப் படிச்சவன் நான். ஒருத்திக்கு விலக்கு கொடுத்தா அதுக்கே மரியாதை இல்லாம போயிடும். நீங்களே இப்படிக் கேட்கலாமா?" என்றார். யூனியன் ஆபீசில் என் சுருக்கத்தை ஸ்டென்சில் எடுத்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அவர் மேசையில் கண்ணாடிக்கு அடியில் ஒன்று இருந்தது. சுருக்கத்தில் அடிக்குறிப்பு வராது.

மே மாதம் நீங்கள் பாபநாசத்தில் இறங்கினால் அந்தக் காபியைத் தனியாகத்தான் குடிக்க வேண்டியிருக்கும். நான் இங்கே குடித்துக்கொள்கிறேன்.

துரைக்கண்ணு


தரங்கம்பாடி
30.6.1974

துரைக்கண்ணு அவர்களுக்கு,

இதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே நடந்ததை அறிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் எழுதுகிறேன்.

பள்ளி திறந்த அன்று செவ்வந்தி மேலத்தெருப் பள்ளிக்குப் போனாள். நான் வாங்கிக் கொடுத்த பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, அக்காகூட வராமல், தானாகவே வாய்க்கால் மரப்பாலத்தைத் தாண்டிப் போய் ஆறாம் வகுப்பு வாசலில் நின்றிருக்கிறாள். தலைமையாசிரியர் திட்டவில்லை. "உன் சராசரி அங்கதாம்மா நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் அதை வந்து அக்காவிடம் அப்படியே சொன்னாள். அக்காவுக்குப் புரியாமல், ஏதோ பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

கீழத்தெருவில் ஆறாம் வகுப்பு கிடையாது. அதனால் முப்பது பேரையும் மறுபடி ஐந்தாம் வகுப்பிலேயே உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வந்தி கொஞ்ச நாள் உட்கார்ந்தாள். பாடம் எல்லாம் தெரிந்ததுதான். வாத்தியார் இல்லாதபோது அவளையே நடத்தச் சொன்னாராம். அப்புறம் மேட்டூர் தண்ணீர் வந்தது, நாற்றங்கால் தயாரானது. இப்போது நாற்றுப் பறிக்கப் போகிறாள். கட்டிப் போட்ட நாற்று முடிகளை எண்ணுவதில் தப்பு வருவதில்லை என்று அவளைக் கணக்குச் சொல்ல வைத்திருக்கிறார்களாம். உங்கள் அப்பாவின் பெரிய வயலில்தான்.

மே மாதம் பாபநாசத்தில் இறங்கவில்லை. பஸ் அங்கே நின்றபோது காபி கிளப்பைப் பார்த்தேன். கூட்டமாக இருந்தது.

ஜன்னத் பீவிக்கு மகன் காதுக்கு மிஷின் அனுப்பியிருக்கிறான். இனி நான் பேசினால் அவருக்குக் கேட்கும். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்சம்


தஞ்சாவூர்
22.7.1974

அன்புள்ள அம்சம்,

ஆய்வேட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்று இந்த மாதம் முதல் வாரம் மனு கொடுத்தேன். ஆய்வேட்டை ஏற்பதற்கு விதி இருக்கிறது, திருப்பித் தருவதற்கு விதி இல்லை என்று பதில் வந்தது. யூனியன் ஆபீசுக்கு நீங்கள் கேட்ட அந்த ஒரு பக்கத்தையும் எழுதி நேரில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினார்கள். முதல் வகுப்பு வாங்கிய ஆய்வுக்கு எதிராக, எம்.எட். மட்டுமே படித்த ஒருவரின் கருத்தை ஏற்பதற்கில்லை என்றார் குமாஸ்தா. இரண்டும் நான்தான் என்றேன். பெயரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார்.

நகல் ஒன்றை அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அதிலிருந்து நான் இங்கே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. புள்ளியியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வகுப்பில் உங்கள் ஏழு பிள்ளைகளைப் பலகையில் எழுதினேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து, இது எந்த வருடத்து மதிப்பெண் என்று கேட்டார்.

பெரிய வயல் பக்கம் போயிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. வரப்பில் நின்று முடியை எண்ணிக்கொண்டிருந்த சிறு பெண் ஒருத்தி, எண்ணிக்கை தவறிவிடும் என்பதால் நிமிரவில்லை. கூப்பிடவில்லை.

ஊர்ச் செய்தி ஒன்று. ஊர்த் தகராறில் ஆண்டுத் தேர்வும் நடக்காமல் போனதால் பழைய அரையாண்டு மதிப்பெண்களே இன்னும் கணக்கில் இருக்கின்றன. செவ்வந்தியின் பெயரை நீக்கியதும் கீழத்தெருப் பள்ளியின் சராசரி 26.10-இலிருந்து 25.69 ஆக இறங்கியது. அதைச் சரிசெய்ய, மேலத்தெரு ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளை இம்மாதம் பதினைந்தாம் தேதி கீழத்தெரு ஐந்தாம் வகுப்புக்கு மாற்றியிருக்கிறார்கள்.

துரைக்கண்ணு